அதே நிலை, மூன்றாம் முறை

ராணியைப் பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு அடி நகர்த்தி செக் வைத்தால் போதும். எதிரே நிகிலேஷ் தன் ராணியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்துவான். இவள் ராணி பழைய இடத்துக்கே திரும்பும். அவன் ராணியும் பழைய இடத்துக்கே திரும்பும். பலகையில் ஏற்கனவே இருமுறை வந்த அதே நிலை மூன்றாம் முறை வந்துவிடும், ஆட்டத்தை மேற்பார்க்கும் ஆர்பிட்டர் வருவார், இருவரும் கைகுலுக்குவார்கள், டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளியோடு வெயிலுகந்தாள் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடுவாள். இவ்வளவுதான் விஷயம். காய் நகர்த்தத் தெரிந்த எந்தப் பிள்ளையும் செய்துவிடும். பிறகு ஏன் கை மடியிலேயே கிடக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. பன்னிரண்டு நகர்த்தல் வரைக்கும் இருவரும் மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பதுபோல மளமளவென்று ஆடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இவள் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். கடிகாரத்தில் அவள் பக்கத்து நேரம் கரைந்துகொண்டிருந்தது. பழைய கடிகாரமாக இருந்தால் டிக் டிக் என்று திட்டவாவது செய்யும். இது எண்களை மட்டும் கமுக்கமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நட்சத்திர ஹோட்டல். கல்யாணத்துக்கு மணவறை போடும் மேடையில் இன்று ஐந்து மேஜைகள். பத்துப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஒருமுறை ஆடியாக வேண்டிய சர்வதேசப் போட்டி, இது கடைசிச் சுற்று. பத்தில் ஒன்பது ஆண்கள். மிச்சம் இவள். அந்த மிச்சத்தைப் போஸ்டரில் போட்டிருக்கிற விதம் இருக்கிறதே! ஒன்பது பேரும் கோட்டு சூட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நடுவில் இவள் பட்டுச்சேலையில், தாம்பூலத் தட்டு ஏந்துவதுபோல ஒரு ராணிக் காயை ஏந்திக்கொண்டு. "ஏங்க, நானும் கோட்டு போட்டுக்கிட்டா காய் நகராதா?" என்று கேட்டதற்கு அந்த அமைப்பாளர், "இல்ல மேடம், நம்ம கல்ச்சர் வெளிநாட்டுக்காரங்களுக்குத் தெரியணும்ல" என்றார். அப்போ நிகிலேஷுக்கு ஏன் வேட்டி கட்டவில்லை? அவன் கல்ச்சர் இல்லையா? அதைக் கேட்பதற்குள் போட்டோகிராபர் ஸ்மைல் ப்ளீஸ் சொல்லிவிட்டான். இவளும் சிரித்துத் தொலைத்தாள்.

சிரிப்பு. அதுதான் சனியன். நேற்று சாயங்காலம் லிஃப்டில் நடந்ததை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்தச் சிரிப்பில் வந்துதான் சிக்குகிறது. மூன்றாவது மாடியில் நிகிலேஷ் ஏறினான், கழுத்தில் ஹெட்போன், கையில் பாதி தின்ற ஆப்பிள். "ஹேய் வெயில், சாப்டியா?" "இனிமேத்தான்ணா." எட்டு வயதில், மாநிலப் போட்டிக்கு வந்த இடத்தில், யாரோ 'அண்ணாவுக்கு வணக்கம் சொல்லு' என்று இவளை அவன்முன் தள்ளிவிட்டார்கள், அன்று தொற்றிக்கொண்ட 'ண்ணா' இன்னும் போகவில்லை. இருபத்தொரு வயதில், எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் பேராசிரியரையே பெயர் சொல்லி எதிர்வாதம் செய்கிறவளுக்கு, இவனைக் கண்டால் மட்டும் ண்ணா. "நாளைக்கு நீ வெள்ளைல்ல?" "ஆமாண்ணா." "நான் பெர்லின்தான் ஆடுவேன். வேற எதுவும் பார்க்கல. செம டயர்ட்." பெர்லின் என்றால் என்னவென்று இந்தச் சதுரங்க உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடுப்பாட்டத்தில் ஒரு கிளை நேராகப் போய் இந்த ராணி ஊஞ்சலில் முடியும். இருவருக்கும் ஆட மனமில்லாத நாளில் அந்த வழியாகப் போய் ஒரு வார்த்தை பேசாமல் டிரா செய்துகொள்வது பெரிய இடங்களில் வழக்கம். முப்பது நகர்த்தலுக்கு முன்னால் வாய்விட்டு டிரா கேட்கக் கூடாது என்று இங்கே விதி. ஆனால் அதே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டம் முடிந்தது என்பது அதைவிடப் பெரிய விதி. விதிக்குள்ளேயே சந்து. நிகிலேஷ் ஆப்பிளைக் கடித்தபடியே சொன்னான்: "எனக்கு அரை பின்னால நிக்கிற யோரிஸுக்கு நாளைக்குக் கறுப்புக் காய். எதுக்க அந்த அர்மேனியாத் தாத்தா. செங்கல் சுவர் அவரு, அசைக்க முடியாது. யோரிஸ் டிரா, நான் டிரான்னா கப் எனக்கு வந்துரும். உனக்கும் அரைதானே வேணும்?" பிறகு அவளைப் பார்த்து, தோளைக் குலுக்கி, "நான் ஒண்ணும் சொல்லல. சும்மா சொல்றேன்" என்றான். முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சரி என்றாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்கு என்ன தைரியம் இருந்தால் என்கிட்ட இதைக் கேட்பீர்கள் என்று லிஃப்டை நிறுத்தியிருக்கலாம். சிரித்தாள். கதவு திறந்தது, இறங்கிப் போய்விட்டாள். வாய் கிழியப் பேசுகிறவள் என்று விருதுநகரிலிருந்து பல்கலைக்கழக விடுதி வரைக்கும் பெயர் வாங்கிய வாய் அந்த நேரம் எங்கே போயிருந்தது? பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ இல்லையோ, என்ன சொல்வதென்று தெரியாத இடத்தில் ஒரு சிரிப்பை வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அதுவும் யார் சிரித்தது? நான்காம் சுற்று முடிந்து மைக்கைப் பிடித்துக் கத்தினாளே, அவள். அன்று பக்கத்து மேஜையில் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் இதே வழியாகப் போய், உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் டிரா செய்துகொண்டு, நீச்சல்குளத்துக்குப் போய்விட்டார்கள். பேட்டி எடுக்க வந்த பையன் இவளிடம், உங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றான். இவள் தன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "இதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ் வச்சுக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சீங்க? ரெண்டு பேர் ராணியைப் பிடிச்சு ஊஞ்சல் ஆட்டுறதைப் பார்க்கவா? மாமன் மச்சான் பேசி முடிக்கிற விஷயத்துக்கு எதுக்குப் பலகை, எதுக்குக் கடிகாரம்?" என்றாள். அந்தத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. அக்கா மாஸ் என்று ஒரு கூட்டம். முதல்ல நீ ஒரு கேம் ஜெயிச்சுக் காட்டு என்று ஒரு கூட்டம். மறுநாள் ஜெயித்துக் காட்டினாள், அதற்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை. இப்போது அதே மேடை, அதே பிள்ளைகள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக. அவர்கள் கண்முன்னே ஊஞ்சலின் ஒரு கயிறு இவள் கையில். வெயிலுகந்தாளுக்குக் கல்லூரிப் பட்டிமன்றம் ஞாபகம் வந்தது. ராணியை ஆட்டலாமா கூடாதா என்று இரண்டு அணி பிரித்தால் இரண்டு அணிக்கும் இவளே தலைவி. நடுவர் அவர்களே, சொல் ஒன்று செயல் ஒன்று என்று இருப்பவருக்கு மைக் எதற்கு? கைதட்டல். நடுவர் அவர்களே, எதிரணித் தோழி உணர்ச்சிவசப்படுகிறார். அந்த இருவருக்கும் அந்த டிராவால் ஆகப் போவது ஒன்றுமில்லை, சோம்பேறித்தனம். இவருக்கோ வாழ்நாள் பட்டம். அதற்கும் கைதட்டல். நடுவர் அவர்களே, அப்படியானால் தேவை இருப்பவர் செய்தால் அது தப்பில்லையா? திருடனுக்கும் தேவை இருக்கிறதே? யார் திருடன், யாருடைய பொருளைத் திருடினார்? மணி அடிக்கிறது. யாரும் உட்காரமாட்டேன் என்கிறார்கள். கல்லூரியில் ஒருமுறை, நடுவராக வந்தவர் கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று வழவழவென்று தீர்ப்புச் சொன்னதற்கு, பரிசுக் கோப்பையை மேடையிலேயே வைத்துவிட்டு வந்தவள் இவள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

நிகிலேஷ் எழுந்து நடக்கப் போனான். அவன் நாற்காலி காலியானதும் மேஜை திடீரென்று பெரிதாகிவிட்டது. மற்ற பலகைகளுக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்று நின்று பார்க்கிறான், சந்தைக்கு வந்தவன் மாட்டுப் பல்லைப் பார்ப்பதுபோல. அவனுக்கென்ன. முதல் பத்து நிமிடம் இவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்: என்ன, ஆச்சா? அடுத்த பத்து நிமிடம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடித்தான். இப்போது அவன் முகத்தில் ஒரு எரிச்சல், கல்யாணத்துக்கு நேரமாகிறது இவள் இன்னும் தலை பின்னுகிறாள் என்பதுபோல. படட்டும். குளிர் காலைக் கவ்வுகிறது. எத்தனை டன் ஏசியோ, ஒரு ஊரையே உறைய வைக்கலாம். முதல் நாள் வர்ணனைக்காரர் இவள் பெயரைச் சொல்ல முடியாமல் திணறி வெயில், வெயில் என்றே முடித்துக்கொண்டார். அர்த்தம் தெரிந்ததும், இவ்வளவு குளிர்ந்த மண்டபத்தில் எங்களுக்கு ஒரு வெயில் என்று ஜோக்கடித்தார், எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர் அம்மன் பெயர் அது, சிரிக்க என்ன இருக்கிறது? ஸ்வெட்டரின் கழுத்தில் தைத்த லேபிள் துணி பிடரியை அரிக்கிறது. கத்தரிக்கோல் வைத்து வெட்டித் தா என்று அம்மாவிடம் சொல்ல நினைத்து நினைத்து மறந்துபோயிற்று. அம்மா வெளியே இருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சாய்ந்தால் உள்ளே போய்விடும் அந்தச் சோபாவின் நுனியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். சோதனைக் குழாயைக் கை நடுங்காமல் கழுவுகிறவளுக்கு இந்த விளையாட்டு மட்டும் இத்தனை வருடத்தில் பிடிபடவேயில்லை. மகள் வெளியே வரும்போது முகத்தைப் பார்ப்பாள். தோற்றால் வாழைப்பழம் தருவாள், ஜெயித்தால் போனை எடுத்து அப்பாவுக்கு அடிப்பாள். டிராதான் அவளுக்குக் குழப்பம். "டிரான்னா நல்லதாடி கெட்டதாடி? பழத்தை உரிக்கவா, அப்பாவுக்குப் போன் போடவா? ஒண்ணைச் சொல்லித் தொலையேன்." "அது யார்கூட ஆடுறோம்கிறதைப் பொறுத்தும்மா." "ஆமா, ஒரு கேள்விக்கு ஒரு பதில் நீ என்னைக்குச் சொல்லியிருக்க!"

ஒரு கேள்விக்கு ஒரு பதில். செந்தூரனிடம் ஒரு பதில்தான் இருந்தது. செந்தூரன் இவள் அண்ணன், உண்மையான அண்ணன். காய்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்ததே அவன்தான், வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பலகையாக்கிச் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு. இவள் அவனை ஜெயிக்க ஆரம்பித்ததும் அவன் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டான் என்று அம்மா சொன்னாள். உண்மையில் அப்படி ஒன்றுமில்லை, நன்றாகத்தான் தின்றான். ஆனால் அம்மாவுக்கு அப்படித் தெரிந்தது. "அண்ணன்தானே, ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்தா உன் கிரீடமா இறங்கிரும்? ஆம்பளைப் பிள்ளை, மூஞ்சி தொங்கிப்போச்சு." அன்று சாயங்காலம் இவள் ஜெயிக்கிற ஆட்டத்தை டிரா ஆக்கினாள். தோற்க மனமில்லை, சமமாக முடித்தால் யாருக்கும் நோகாது என்று பதினோரு வயது மூளைக்குத் தோன்றியிருக்கிறது.  செந்தூரன் காய்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டான், மெதுவாக, ஒன்றையும் எறியாமல். "உன் பிச்சை எனக்கு எதுக்கு?" என்றான். அதோடு சரி. இன்று கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இருக்கிறான், இவள் ஆட்டத்தைப் போனில் நேரலையில் பார்க்கிறானாம், அம்மா சொல்லித்தான் தெரியும். அவனோடு மறுபடி ஒருமுறைகூடப் பலகை போட்டதில்லை. ஆக, ஒருவர் கொடுக்கும் அரை, வாங்குகிறவர் உடம்பில் எப்படிப் போய்த் தைக்கும் என்று இவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இங்கே கொடுப்பது யார், வாங்குவது யார்? அங்கேதான் முடிச்சு. பட்டம் கிடைத்துவிட்டால் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடலாம்: பாவம், சின்னப் பொண்ணு, நிகிலேஷ் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தான். அவனுக்கும் அதே அரை வேண்டியிருந்தது என்று ஒருத்தர் வாயிலும் வராது. ஆடித் தோற்றால்? ஆசை அதிகம், கையில கிடைச்சதை வச்சுக்கத் தெரியல, பொண்ணுங்க இப்படித்தான் எமோஷனல். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஏச ஆள் தயாராக நிற்கிறார்கள். விழாமல் நிற்க ஒரு கட்டமாவது விட்டு வைத்திருக்கிறார்களா என்றால், அறுபத்து நான்கில் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது மேஜைப் பக்கம் ஒரு சலசலப்பு. மஞ்சள் தொப்பிகள் கைதட்ட ஆரம்பிக்க, ஆர்பிட்டர் அம்மாள் விரலை உதட்டில் வைத்து அடக்கினார். அர்மேனியாக்காரர் எழுந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய வெள்ளை மீசை தொங்கியிருந்தது. எதிரே யோரிஸ், நெதர்லாந்துப் பையன், காது சிவந்து, நம்ப முடியாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரிய திரையில் அந்த ஆட்டத்தின் கட்டத்தில் கறுப்புக்கு ஒன்று என்று விழுந்தது. ஏதோ ஒரே நகர்த்தலில் தாத்தா குதிரையைப் பறிகொடுத்துவிட்டார் போல. சுவருக்கும் கண் தூங்கும்போலிருக்கிறது. பாவம். நல்ல மனிதர், தினமும் காலையில் சாப்பாட்டு மண்டபத்தில் அம்மாவுக்கு இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொல்வார், அம்மா பதிலுக்குக் குட்மார்னிங் சொல்வாள். வெயிலுகந்தாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். யார் ஜெயித்தால் நமக்கென்ன, நம் வீட்டுப் பஞ்சாயத்தே முடியவில்லை. நிகிலேஷ் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. வந்து உட்காரட்டும், அவன் உட்கார்ந்த பிறகு நகர்த்தலாம் என்று தோன்றியது. ஏன் அப்படி, அவன் இல்லாவிட்டால் என்ன, நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் முடிந்தது, யாருடைய அனுமதி வேண்டும்?  பயம்தான். சும்மா சொல்லக் கூடாது, மற்றதெல்லாம் பேச்சு, அடியில் கிடப்பது பயம். இந்த வாய்ப்பு போனால் இதுபோன்ற இடத்துக்கு மறுபடி எப்போது கூப்பிடுவார்கள்? இந்த முறையே சிறப்பு அழைப்பு என்ற பெயரில்தான் சேர்த்தார்கள். அந்த அழைப்புக் கடிதம் பேசிய தொனியே விருந்தில் கடைசிப் பந்தியில் இடம் போட்டுக் கொடுக்கிற தொனி. பட்டம் என்று ஒன்று பெயருக்கு முன்னால் வந்துவிட்டால் அப்புறம் யாரும் சேலை கட்டி நடுவில் நிறுத்த முடியாது. பெண்கள் பிரிவு, பெண்கள் பரிசு, பெண்களில் சிறந்தவர் என்று சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதெல்லாம் நின்றுபோகும். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிற வேலை முடிந்துவிடும். வெயிலுகந்தாளுக்கு வேண்டியது அதுதான். வேறொன்றும் இல்லை. அதை வேண்டும் என்று சொல்லவே இவ்வளவு நேரம் கூச்சமாக இருந்திருக்கிறது.

கூச்சம்! அந்த வார்த்தை அகப்பட்டதும் உள்ளுக்குள் எதுவோ விசுக்கென்று எழுந்து நின்றது. நூறு ஆம்பளைகள் இதே வழியாகப் போய், இதே ராணியை ஆட்டி, பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தராவது இப்படி முக்கால் மணி நேரம் மனசாட்சியை மடியில் போட்டுத் தாலாட்டியிருப்பாரா? கைகுலுக்கினார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். நேர்மை, மானம், நாலு பேர் என்ன சொல்வார்கள், பிள்ளைகள் பார்க்கிறார்களே, எல்லா மூட்டையும் ஏன் இவள் தலையில்? மைக்கில் பேசியது தப்பா? இல்லை. பேசியது சரிதான். விதியை மாற்றுங்கள், அடுத்த வருடமே மாற்றுங்கள், இவளே மனு எழுதித் தருகிறாள். ஆனால் விதி இருக்கிறவரைக்கும் அது ஒன்பது பேருக்கு ஒரு மாதிரியும் பத்தாவது ஆளுக்கு ஒரு மாதிரியும் இருக்க முடியாது. இந்த அரைப் புள்ளியை அவன் தரவில்லை. எட்டுச் சுற்று எருமைபோல உழைத்து, கஜகஸ்தான்காரனிடம் ஆறு மணி நேரம் மல்லுக்கட்டி, ஒரு யானையும் ஒரு சிப்பாயும் மட்டும் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துத் தப்பித்து, இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவள் இவள். இது பிச்சை இல்லை. சிரித்ததற்காகத் தன்னைத்தானே தூக்கில் போட்டுக்கொள்ள வேண்டியதும் இல்லை. லிஃப்டில் ஒரு ஆண் பேசினால் பெண் சிரித்து வைப்பது சம்மதமா என்ன, எந்தக் காலத்தில் இருக்கிறோம்? நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். மடியிலிருந்து கை எழுந்தது. விரல்கள் விறைத்திருந்தன. ராணியின் கழுத்தைப் பிடித்து, ஒரு அடி பக்கவாட்டில் நகர்த்தி வைத்து, கடிகாரத்தை அழுத்தி, நகர்த்தலை எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. செக். அப்பாடா என்றிருந்தது. பசித்தது. வெளியே போனதும் அம்மாவிடம், போனைப் போடும்மா, இது நல்ல டிரா என்று சொல்ல வேண்டும்.

நிகிலேஷ் வந்து உட்கார்ந்தான். இத்தனை நேரம் இவளைக் கேட்டுக்கொண்டிருந்த புருவம் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. இவளைப் பார்க்கவேயில்லை. பலகையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, எதையோ மனதுக்குள் புரட்டுகிறவன்போல உதடு அசைந்தது. கை ராணிக்கு மேலே போயிற்று. ராணியைத் தாண்டிப் போயிற்று. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மந்திரியைத் தூக்கி, ராஜாவுக்கு முன்னால் வைத்து செக்கை மறைத்தான். கடிகாரத்தை அழுத்தினான். வெயிலுகந்தாளுக்கு ஒரு நொடி அது ஏதோ கைத்தவறு என்றுதான் பட்டது. அண்ணா, ராணி, ராணி என்று சொல்லிவிடப் பார்த்தாள். அப்புறம் அவன் கழுத்தில் நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். யோரிஸ், ஒன்று. அந்த ஒன்று இப்போதுதான் அவள் மண்டையில் இறங்கியது. யோரிஸ் ஜெயித்துவிட்டான், அரைப் புள்ளி பின்னால் இருந்தவன் அவன். நிகிலேஷ் டிரா செய்தால் இருவரும் சமம். சமமானால் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் ஜெயித்தவருக்குக் கோப்பை. இரண்டாம் சுற்றில் இவனைச் சுருட்டிப் போட்டது அந்த யோரிஸ்தான். அரை இனி இவனுக்குப் போதாது. இவள் முதல் ஐந்து நிமிடத்தில் ராணியை ஆட்டியிருந்தால் அப்போது தாத்தாவின் குதிரை பத்திரமாக இருந்தது, நிகிலேஷ் சந்தோஷமாகக் கைகுலுக்கியிருப்பான், பட்டம் வந்திருக்கும், அம்மா போன் போட்டிருப்பாள். வாங்கலாமா வாங்கலாமா என்று இவள் தனக்குள்ளே வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் கடை சாத்திவிட்டது. துரோகி என்று சொல்ல வாய் வந்தது. எதற்குத் துரோகம்? நான் ஒண்ணும் சொல்லல என்று அவன்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டானே. இவளும் ஒன்றும் சொல்லவில்லை. யார்மீது பாய்வது? கோபம் உட்கார இடம் தேடி மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவனிடம் போயிற்று, அமைப்பாளரிடம் போயிற்று, மீசைத் தாத்தாவிடம்கூடப் போயிற்று. ஒன்றும் ஒட்டவில்லை. சிரிப்பு வந்தது. யாருக்காகவும் வைக்காத சிரிப்பு, மூக்கின் வழியாக ஒரு மூச்சாக வந்து போனது. இரண்டு ராணியும் பலகையில் இருந்தன. மந்திரி நகர்ந்ததால் அதன் காவலில் இருந்த சிப்பாய் அநாதையாக நின்றது; இவள் ராணி இங்கிருந்து ஒரே பாய்ச்சலில் அதை எடுத்துக்கொள்ளலாம். சும்மா கிடைக்கிறது. எடுத்தால் ராணி அந்த மூலையில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்கும், இவளுடைய மற்றக் காய்களோ இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. இதை அவன் எங்கோ, எந்த ராத்திரியோ உட்கார்ந்து படித்து வைத்திருக்கிறான். எடு, எடு என்கிறான். வேற எதுவும் பார்க்கல, செம டயர்ட். அட ண்ணாவே! அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தான், விரல் நுனி வெளுத்திருந்தது. மந்திரியின் தலையில் அவன் வியர்வை ஈரமாக ஒரு சொட்டு மினுங்கியது. இந்தக் குளிரிலும். இப்போது ஜெயித்தே ஆக வேண்டியவன் அவன். இவளுக்கு அரை போதும். ஆனால் அந்த அரையை இனி யாரும் ஊஞ்சலில் வைத்து ஆட்டித் தரப் போவதில்லை. கடிகாரத்தில் பாதிக்கும் மேல் செலவழித்துவிட்டாள். சரி, இருப்பது போதும். அவள் அந்தச் சிப்பாயைத் தொடவில்லை. வீட்டுக்குள் கிடந்த தன் மந்திரியை எடுத்து, நீள மூலைக்கோட்டில் ஓடவிட்டு, அவன் ராணியின் முகத்துக்கு நேரே வைத்தாள். கடிகாரத்தை அழுத்தினாள். நிகிலேஷ் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டு குனிந்தான். வெயிலுகந்தாள் அதைக் கவனிக்கவில்லை. குதிரையை எந்தப் பக்கம் கொண்டுவரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.